ஓர் அடி கட்டடம், இருபது அடி ஓடுபாதை

"சின்ன விமான நிலையங்கள் எல்லாம் நட்டத்தில்தான் ஓடுகின்றன. நாலு பணக்காரர்கள் பொழுதுபோக்காகப் பறக்க அத்தனை ஏக்கர் நிலம் எதற்கு? அங்கே வீடு கட்டினால் ஆயிரம் குடும்பம் குடியிருக்கலாமே, மூடுவதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அதில் வரும் 'நட்டம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். பல இடங்களில் அந்த நட்டம் தானாக வந்ததில்லை. வேலிக்கு வெளியே எழுந்த கட்டடங்கள் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், எந்த மாதிரி நிலையத்தைப் பற்றிப் பேசுகிறோம்? டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் வராத இடம். ஓர் ஓடுபாதை, சில ஹேங்கர்கள் (விமானம் நிறுத்தும் கொட்டகைகள்), ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளி, ஒரு மெக்கானிக். அவ்வளவுதான். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. அவற்றில் பயணிகள் விமான நிறுவனங்கள் சேவை நடத்துவது சுமார் 500-ல் மட்டும். மிச்சமெல்லாம் இந்த வகைதான். இந்தச் சண்டை அதிகம் நடப்பதும், ஆவணங்களோடு பதிவாகியிருப்பதும் அங்கேதான் என்பதால் என் உதாரணங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வருகின்றன.

பில்டர் கண்ணோடு அந்த நிலத்தைப் பாருங்கள். மேடு பள்ளமில்லாத தரை. தண்ணீர் தேங்காதபடி வடிகால் போட்டாகிவிட்டது. நல்ல சாலை வாசல் வரை வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், நூறு இருநூறு ஏக்கரும் ஒரே உரிமையாளர் பெயரில் இருக்கிறது. நகரத்துக்குள் அத்தனை ஏக்கரைத் துண்டு துண்டாக நூறு பேரிடம் பேசி வாங்க வேண்டுமென்றால் ஓர் ஆயுள் போய்விடும். இங்கே ஒரே ஒரு கையெழுத்து போதும். அந்த நிலையம் தொடங்கியபோது ஊருக்கு வெளியே இருந்தது. ஊர் நடந்து நடந்து அதன் வாசலுக்கு வந்துவிட்டது.

சரி, இப்போது வேலி ஓரத்துக்குப் போவோம். இந்த விஷயத்தில் நான் மற்ற எதையும்விட முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான்.

விமானம் செங்குத்தாக இறங்குவதில்லை, சாய்வாக இறங்குகிறது. அந்தச் சாய்வுப் பாதையில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. சிறிய விமானங்கள், கண்ணால் பார்த்து இறங்குகிற ஓடுபாதைகள் என்றால் அமெரிக்க விதிகள் வைத்திருக்கும் கணக்கு 20-க்கு 1. அதாவது ஓடுபாதை முடிந்து 200 அடி தள்ளித் தொடங்கும் ஒரு கற்பனைச் சாய்தளம், ஒவ்வோர் 20 அடிக்கும் ஓர் அடி உயரும். அது தொடங்கிய இடத்திலிருந்து 1,000 அடி தூரத்தில் 50 அடி உயரம் வரை அனுமதி. நாலு மாடி கட்டலாம். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, செல்போன் கோபுரம் என்று இன்னும் 15 அடி ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தச் சாய்தளத்தை மொத்தமாகப் பின்னால் நகர்த்த வேண்டும். எவ்வளவு? 15-ஐ 20-ஆல் பெருக்குங்கள். 300 அடி. வெளியே ஓர் அடி ஏறினால் உள்ளே இருபது அடி போகிறது.

இதைத் தரையிலேயே பார்க்கலாம். ஓடுபாதையின் நுனியில் தார் போட்ட பகுதி அப்படியே இருக்கும். ஆனால் அதன்மேல் வெள்ளை அம்புக்குறிகள் வரிசையாக வரைந்திருக்கும். அந்த அம்புகள் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த வெள்ளைக் கோடு. அதற்குப் பிறகுதான் சக்கரம் தொட வேண்டும். அதற்கு முன்னால் உள்ள பகுதியில் கிளம்பும்போது ஓடலாம், இறங்கக் கூடாது. அம்பு போடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நகரத்து நடுவில் இருக்கும் நிலையத்தில் அதைப் பார்த்தால் நான் முதலில் வேலிக்கு வெளியே என்ன நிற்கிறது என்றுதான் திரும்பிப் பார்ப்பேன்.

கட்டி முடித்த பிறகுதான் பிரச்சினை என்றும் இல்லை. கட்டும்போது நிற்கும் கிரேன் கட்டடத்தைவிட உயரம். ஒன்றிரண்டு வருஷம் அது தலைக்கு மேல் நின்றாலே இரவு இறக்கத்துக்குத் தடை வரலாம், மேகம் தாழ்ந்த நாட்களில் கருவிகளை நம்பி இறங்குகிற முறையும் முடங்கலாம்.

"அரசாங்கம் தடுக்காதா?" என்று தோன்றும். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை நிர்வகிக்கும் எஃப்.ஏ.ஏ. அமைப்புக்கு நிலத்தை வகைப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஒரு கட்டடம் வானூர்திகளுக்கு ஆபத்து என்று அது அறிவிக்கலாம், நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டியது நகராட்சி. சான் டியேகோவில் மாண்ட்கோமரி ஃபீல்ட் என்ற சிறிய நிலையத்துக்குப் பக்கத்தில் சன்ரோட் நிறுவனம் 180 அடியில் ஓர் அலுவலகக் கட்டடம் எழுப்பியது. 160 அடிக்கு மேல் போனால் ஆபத்து என்று எஃப்.ஏ.ஏ. சொல்லியும் கட்டடம் எழுந்தது. பெரிய சண்டையாகி, கடைசியில் 2007-ல் உச்சியை இடித்து உயரத்தைக் குறைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. கட்டி முடித்த கட்டடத்தின் தலையைச் சீவியது அபூர்வம். வழக்கமாக இதில் வெட்டுப்படுவது ஓடுபாதைதான்.

வெட்டுப்பட்ட பிறகு என்ன ஆகிறது? முன்பு வந்துகொண்டிருந்த இரட்டை எஞ்சின் ஏர் ஆம்புலன்ஸ் இப்போது அந்த நீளத்தில் இறங்கத் தயங்குகிறது. ஒரே தடவையில் நிறைய எண்ணெய் நிரப்புவது அந்த மாதிரிப் பெரிய விமானங்கள்தான். அவை போனால் எரிபொருள் விற்பனை படுக்கிறது. மெக்கானிக்குக்கு வேலை குறைகிறது, அவர் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போகிறார். மெக்கானிக் இல்லாத இடத்தில் விமானத்தை யார் நிறுத்துவார்கள்? ஹேங்கர் காலியாகிறது. நகராட்சி பட்ஜெட்டில் 'விமான நிலையம்: நட்டம்' என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் நாம் "நட்டத்தில் ஓடுகிறதே" என்று கேட்கிறோம்.

சத்தத்தின் கதையும் இதே ஜாதிதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்பார்களே, அதுதான். நிலையம் அங்கே எழுபது வருஷமாக இருக்கிறது. வீடு வாங்கியவர் மூன்று வருஷம் முன்பு வந்தார். ஆனாலும் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வீட்டைப் பார்க்க அவரை ஒரு வார நாள் மத்தியானம் அழைத்துப் போயிருப்பார்கள். சனிக்கிழமை காலை பயிற்சி மாணவர் ஒருவர் இறங்குவது, நிற்காமல் மறுபடி ஏறுவது, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்குவது என்று ஒரு மணி நேரம் அதே வீட்டுக் கூரைமேல் ஆயிரம் அடியில் வட்டமடிப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெட் ஒன்று வந்தால் அரை நிமிஷத்தில் போய்விடும். இந்தச் சுற்றுதான் மனிதரைப் பைத்தியமாக்குகிறது. விமானிகள் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. கலிஃபோர்னியாவில், விமான நிலையத்தின் தாக்கம் உள்ள பகுதியில் வீடு விற்றால் அதை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்க வேண்டிய சட்டம்.

புகார் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. சிறிய நிலையம் அல்ல, வாஷிங்டனின் ரீகன் விமான நிலையம். ஆனாலும் கணக்கு சுவாரஸ்யமானது. 2015-ல் அங்கே பதிவான சத்தப் புகார்கள் 8,760. அதில் 6,852 ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒரு நாளைக்குப் பதினெட்டுக்கும் மேல்! அவர்கள் தூங்கினார்களா என்றுகூடத் தெரியவில்லை.

சாண்டா மோனிகாவின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், கடலுக்குக் கிட்டே, 227 ஏக்கர். டக்ளஸ் நிறுவனம் டிசி-3 என்ற புகழ்பெற்ற பயணிகள் விமானத்தை உருவாக்கிய இடம். இரண்டாம் உலகப்போரில் எதிரி விமானங்களின் கண்ணில் படக் கூடாது என்று அந்தத் தொழிற்சாலையைக் கம்பி வலையால் மூடி, அதன்மேல் பொய் வீடுகள், பொய் மரங்கள், பொய்த் தெருக்கள் செய்து வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் சாதாரணக் குடியிருப்புப் பகுதி. அன்று விமானத்தைக் காப்பாற்றப் பொய்க் குடியிருப்பு போட்டார்கள். பிறகு நிஜக் குடியிருப்பு சுற்றிலும் வளர்ந்து, இன்று நிலையத்தையே கேட்கிறது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2017-ல் நகரமும் எஃப்.ஏ.ஏ.-வும் சமரசத்துக்கு வந்தன. 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு நகரம் விரும்பினால் மூடலாம். அதுவரை காத்திருக்காமல் அந்த ஆண்டே ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடிக்குக் குறைத்தார்கள். பெரிய ஜெட்கள் அதோடு விடைபெற்றன. இங்கே வேலிக்கு வெளியே யாரும் மாடி எழுப்பவில்லை, உள்ளேயே குறுக்கினார்கள். பலன் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-ல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, மூடினால் அங்கே பூங்காவும் பொது வெளியும் மட்டுமே வரலாம், வேறு எது வேண்டுமானாலும் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மூடச் சொல்கிறவர்கள் எல்லோரும் பில்டரின் ஆட்கள் என்று விமானிகள் சங்கங்கள் பேசுவதை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பில்டரின் பெயரே வராமலும் நிலையம் சாகும் என்பதற்கு சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் சாட்சி. 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் எம். டேலி புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டார். விடிந்து பார்த்தால் 16 விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. பிறகு பக்கத்து இணைப்புப் பாதையிலிருந்து அவை பறந்து தப்பின. முன்னறிவிப்பில்லாமல் மூடியதற்கு நகரம் கட்டிய அபராதம் 33,000 டாலர். ஒரு பெருநகரத்துக்கு அது சில்லறைக் காசு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அபராதத்தை நாளொன்றுக்கு 10,000 டாலர் என்று சட்டத்தில் உயர்த்தினார்கள். அந்த இடம் பின்னால் பூங்காவானது, கச்சேரி மேடையும் வந்தது.

ஆனால் புல்டோசர் விதிவிலக்கு. இப்போது நடப்பதெல்லாம் காலண்டர் யுத்தம். எஃப்.ஏ.ஏ. மானியம் வாங்கினால் பொதுவாக 20 வருஷம் நிலையத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் நிபந்தனைக்கு முடிவே இல்லை. போருக்குப் பிறகு ராணுவம் உள்ளூர் அரசுகளுக்குக் கொடுத்த விமானத் தளங்களிலும் இப்படிப்பட்ட நிபந்தனைகள் பத்திரத்திலேயே எழுதியிருக்கின்றன. ஆக, மூட நினைக்கும் நகராட்சி செய்ய வேண்டியது மிக எளிது: மானியம் வாங்குவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது. சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ நிலையத்தில் சாண்டா கிளாரா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அதைத்தான் செய்கிறது. 2011-க்குப் பிறகு மானியம் வாங்கவில்லை. கணக்குப்படி 2031-ல் கட்டு அவிழ்கிறது. கொலராடோவின் போல்டர் நகரம், 2040-க்குப் பிறகு மூட எங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி 2024-ல் எஃப்.ஏ.ஏ. மீதே வழக்குப் போட்டது. அங்கே வீட்டுத் தட்டுப்பாடு கடுமை, நிலையத்து நிலத்தில் வீடு கட்ட வேண்டும் என்று ஓர் இயக்கமே நடந்தது.

மானியம் நின்ற நிலையத்தில் தார் வெடிக்கும், விளக்கு மாற்ற மாட்டார்கள், ஹேங்கர் குத்தகையை நீண்ட காலத்துக்குப் போடாமல் மாதாமாதம் என்று ஆக்குவார்கள். மாதக் குத்தகைக்காரர் சொந்தக் காசில் கூரை மாற்றுவாரா? மாட்டார். பத்து வருஷத்தில் இடமே பார்க்கப் பாவமாக இருக்கும். அப்புறம் அந்தப் புகைப்படங்களைக் கவுன்சிலில் காட்டி "பாருங்கள், யாருக்கும் வேண்டாத இடம்" என்பார்கள்.

ரீட்-ஹில்வியூ பற்றிப் பேசும்போது ஈயத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையில்லை. கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எப்போதோ எடுத்துவிட்டோம். பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் பெரும்பாலும் இன்னும் ஈயம் கலந்த 100 எல்.எல். எண்ணெயில்தான் ஓடுகின்றன; ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அந்த நிலையத்தைச் சுற்றி வாழும் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் பற்றி 2021-ல் கவுண்டி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 ஜனவரி முதல் அங்கே ஈய எண்ணெய் விற்பனை நின்றது. விமானிகள் தரப்பு இந்த ஆய்வைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அந்த வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. அதே சமயம் இது எண்ணெயின் கோளாறு. எண்ணெயை மாற்றினால் தீரும். நிலையத்தை மூடினால் அதே விமானங்கள் அதே எண்ணெயோடு அடுத்த ஊர்ப் பிள்ளைகளின் தலைக்கு மேல் போகும்.

ஆஸ்திரேலியாவில் ஆபத்து வேலிக்கு உள்ளேயே வந்தது. மெல்பர்னின் மூராபின், சிட்னியின் பேங்க்ஸ்டவுன் போன்ற நிலையங்களை 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அரசு தனியாருக்கு 50 வருஷக் குத்தகைக்கு விட்டது, இன்னும் 49 வருஷம் நீட்டிக்கும் வசதியோடு. குத்தகைதாரர்கள் என்ன செய்வார்கள்? ஓடுபாதை ஓரத்து நிலத்தில் ஷாப்பிங் மால் கட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள். மூராபின் ஓரத்தில் பெரிய தள்ளுபடி மால் ஒன்று இருக்கிறது. மெல்பர்னின் எசெண்டன் நிலையத்திலும் அப்படி ஒன்று. 2017 பிப்ரவரி 21 அன்று அங்கிருந்து கிளம்பிய கிங் ஏர் என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று அந்த மாலின்மேல் விழுந்து, விமானத்தில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். மால் திறப்பதற்கு முந்தைய காலை நேரம். கட்டடம் இல்லாவிட்டாலும் விளைவு பெரிதாக மாறியிருக்காது என்றே விசாரணை சொன்னது. கிளம்பும் முன் சுக்கானின் நிலையைத் தவறாக வைத்திருந்ததுதான் காரணம். ஆனால் ஓடுபாதைக்கு அத்தனை கிட்டத்தில் மாலுக்கு எப்படி அனுமதி வந்தது என்ற கேள்வி அதன்பிறகு ஓயவில்லை.

மூடிய இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் வாக்குறுதிகளை எடைபோடலாம். கனடாவின் எட்மன்டன் நகர மைய நிலையம் 2013 நவம்பரில் மூடப்பட்டது. தூரத்து ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கிட்டே இறக்கும் இடம் போகிறதே என்று அப்போது பெரிய வாக்குவாதம். அங்கே பிளாட்ச்ஃபோர்ட் என்ற பெயரில் 30,000 பேர் வாழும் பகுதி வரும் என்றார்கள். பத்து வருஷம் கழித்தும் அதில் சிறு பகுதிதான் எழுந்திருந்தது. பழைய நிலையத்து மண்ணை ஓர் ஆள் அளவு தோண்டினாலே எண்ணெய்த் தொட்டி, கசிவு, புதைந்த குழாய் என்று வரும். சுத்தம் செய்யாமல் வீடு கட்ட முடியாது. 'காலி நிலம்' என்று காகிதத்தில் இருப்பது தரையில் காலியாக இருப்பதில்லை. டொராண்டோ பக்கத்துப் பட்டன்வில் தனியாருக்குச் சொந்தமானது. 2010-ல் விற்கப்பட்டு 2023-ல் மூடியது. தனியார் சொத்து என்றால் கட்டுப்படுத்த நிபந்தனையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பெர்லினின் டெம்பல்ஹாஃப் வேறு மாதிரி. 2008-ல் மூடினார்கள், 2010-ல் பூங்காவாகத் திறந்தார்கள், ஓரத்தில் வீடு கட்டலாம் என்று நகரம் சொன்னபோது 2014-ல் மக்கள் வாக்கெடுப்பில் அதையும் மறுத்தார்கள். ஓடுபாதையில் இன்று சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

"பணக்காரர்களின் விளையாட்டு மைதானம்" என்ற பகுதிக்கு வருகிறேன். பாதி உண்மை. சொந்த விமானம் வைத்திருப்பவர் ஏழை இல்லை. ஆனால் பெரிய விமானத்தை ஓட்டும் பைலட் தன் முதல் ஐம்பது மணி நேரத்தைப் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் பழகியிருப்பார். பெரிய நிலையங்களில் ஜெட்களுக்கு நடுவில் கற்றுக்குட்டிக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். காட்டுத்தீ அணைக்கும் ஹெலிகாப்டர், ஏர் ஆம்புலன்ஸ் எல்லாம் இங்கேதான் எண்ணெய் போட்டுக்கொள்ளும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலைனா மலைப்பகுதிச் சாலைகளை அடித்துக்கொண்டு போனபோது, ஹிக்கரி போன்ற நிலையங்களிலிருந்து தன்னார்வலர்கள் சொந்தச் சின்ன விமானங்களில் தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று அந்தப் 'பணக்கார விளையாட்டு' உதவியது. இதையெல்லாம் பட்ஜெட்டில் வரவாக எழுத ஒரு தலைப்பு கிடையாது.

விமானிகளின் பெரிய தவறு வேறொன்று. பாதுகாப்பு என்று சொல்லி வேலியை உயர்த்தி, பக்கத்து வீட்டுப் பையன் விமானம் பார்க்க ஓரத்தில் உட்கார ஒரு பெஞ்சுகூடப் போடுவதில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் வாக்காளர். அவன் ஏன் உங்கள் பக்கம் நிற்க வேண்டும்?

உங்கள் ஊரில் இப்படி ஒரு நிலையம் இருந்து, அது நிலைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், கையெழுத்து இயக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நிலத்தின் பத்திரத்தைப் படியுங்கள். அதில் என்ன நிபந்தனை, யார் விதித்தது என்று பாருங்கள். ஹேங்கர் குத்தகைகள் எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். நகரத்தின் மாஸ்டர் பிளானில் ஓடுபாதையின் இரண்டு நுனிக்கும் நேராக உள்ள நிலம் எந்த வகையில் இருக்கிறது என்று தேடுங்கள். அங்கே கிடங்கு, வயல், கோல்ஃப் மைதானம் இருந்தால் பயமில்லை. அடுக்குமாடி என்று மாற்ற மனு வந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். நிலையத்தை மூடலாமா என்று கூட்டம் போடும் நாளில் அரங்கு நிரம்பி வழியும். ஆனால் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பு, நுனியில் நாலு மாடிக்கு அனுமதி கொடுத்த கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும்.

கடைசியாக, அரசு மானியம் எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஓடுபாதைக்குப் புதுத் தார் போட மானியம் கிடைக்கிற நிலையில் நகராட்சி "வேண்டாம், சொந்தப் பணத்தில் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறதா? அப்படியானால் மூடுவதென்று உள்ளுக்குள் முடிவு செய்தாயிற்று. உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.